பெரிய கத்தியும் பானை மூடியும்: பலேர்மோவில் மூன்று நாள்

சென்ற ஒக்டோபரில் சூரிச்சில் மகள் வீட்டில் நின்றபோது, நுஸைபா ரீச்சரிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. "ரீச்சர், வாற வியாழக்கிழமை எனக்குச் சோதினை. போன முறை வாய்ப் பரீட்சையில வாயே திறக்கல்ல. இந்த முறையும் விட்டுட்டா, பெட்டியக் கட்டிக்கிட்டு ஊருக்குப் போறதுதான். நீங்க பக்கத்தில இருந்தா நல்லம்."

முப்பது வருடம் பரீட்சை மண்டபத்தில் மேற்பார்வை செய்தவருக்குப் பரீட்சைப் பயம். சிரித்துக்கொண்டே செவ்வாய்க்கிழமைக்கு விமானம் பதிந்தேன்.

நானும் அவரும் மட்டக்களப்புப் பக்கத்தில் ஒரே பாடசாலையில் பதினொரு வருடம் படிப்பித்தவர்கள். அவர் தமிழ்ப் பாடம், நான் விஞ்ஞானம். இன்றுவரை ஒருவரையொருவர் 'ரீச்சர்' என்றுதான் கூப்பிடுகிறோம். அவர் முன்கூட்டியே ஓய்வு எடுத்துக்கொண்டு, மகனோடு இருக்க இத்தாலியின் பலேர்மோவுக்குப் போய் ஒன்பது வருடமாகிறது. லிபெர்த்தா பகுதியில் எண்பத்தெட்டு வயதுச் சிஞ்ஞோரா, அதாவது அம்மையார், ஒருவரைப் பராமரிக்கிறார். இத்தாலிய மொழிப் பரீட்சையில் தேறினால்தான் நீண்டகால 'பெர்மெஸ்ஸோ', அதாவது வதிவிட அனுமதி, கேட்கலாம். இல்லாவிட்டால் குறுகியகால அனுமதியைப் புதுப்பிக்க மறுபடி மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். அறுபத்துநான்கு வயதில் அந்த வரிசை அவருக்கு அலுத்துவிட்டது.

பலேர்மோ விமான நிலையம் நகரத்திலிருந்து ஏறத்தாழ 35 கிலோமீற்றர். ரயிலே வசதி. நான் போனபோது 6.80 யூரோ, ஒரு பக்கம் கடல் கூடவே வரும். சீசா மாளிகைப் பக்கம் போகிறவர்கள் மத்திய நிலையம் வரை போகத் தேவையில்லை, நொத்தார்பார்த்தோலோவில் இறங்கினால் போதும். அங்கே நுஸைபா கையில் ஒரு கொப்பியோடு நின்றார். என்னைக் கட்டிப்பிடித்த கையோடு கொப்பியை நீட்டினார். இத்தாலிய வசனங்கள் எல்லாம் தமிழ் எழுத்தில், சிவப்புப் பேனைக் கோடுகளோடு. மாணவருக்குப் போட்ட அதே கோடுகள்.

புதன்கிழமை காலை பேராலயம் பார்க்கப் போனோம். பஸ் டிக்கெட் 1.40 யூரோ, தொண்ணூறு நிமிடத்துக்குச் செல்லும். ஏறியதும் முத்திரை குத்த மறக்காதீர்கள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நுஸைபா பாடமாக்கத் தொடங்கினார். "மி கியாமோ நுஸைபா. வெங்கோ தாலோ ஸ்ரீலங்கா." என் பெயர் நுஸைபா, ஸ்ரீலங்காவிலிருந்து வருகிறேன் என்று அர்த்தம். மூன்றாவது தரம் சொன்னபோது சாரதி திரும்பி ஏதோ சொல்ல, பஸ் முழுவதும் சிரித்தது.

"என்ன சொன்னவர்?" என்றேன்.

"சிஞ்ஞோரா நுஸைபா, உங்கட பேர் எங்களுக்கெல்லாம் பாடமாயிட்டுது, இறங்குங்க, கோயில் வந்திட்டுது எண்டார்."

பேராலயத்தின் தெற்கு முகப்பு மண்டபத்தில், இடப்பக்கத் தூண் ஒன்றில் அரபு எழுத்து இருக்கிறது. குர்ஆன் வசனம். முதலில் தேவாலயம், பிறகு பள்ளிவாசல், திரும்பவும் தேவாலயம் என்று மாறிய இடம் இது. ஓர் உதாரணம் சொல்கிறேன். முதல் பாடவேளை ஆசிரியர் கரும்பலகையில் எழுதியதை அடுத்தவர் அழிக்கும்போது, மூலையில் ஒரு வரி தப்பிவிடும் அல்லவா? அப்படித்தான் இதுவும். நுஸைபா அதை மெல்ல ஓதிவிட்டு, தூணில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு எங்கள் ஆசிரியர் அறை ஞாபகம் வந்தது.

புதிதாக வரும் ஆசிரியர் யாராவது அவருடைய பெயரைக் கேட்டால் போதும், கதை தொடங்கிவிடும். இஸ்லாத்தின் ஆரம்ப நாட்களில் அதே பெயருடைய ஒரு பெண் இருந்தார். உஹது மலையடியில் நடந்த போருக்கு, காயப்பட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கத் தோற்பையோடு போனவர். போர் திசைமாறி ஆட்கள் சிதறியபோது, தோற்பையைக் கீழே வைத்துவிட்டு வாளை எடுத்து, நபிகள் நாயகத்துக்கு முன்னால் நின்றார். கேடயம் இல்லை. ஓடிக்கொண்டிருந்த ஒருவர் எறிந்துவிட்டுப் போனதுதான் அவருக்குக் கிடைத்தது. உடம்பில் பன்னிரண்டு காயம், தோளில் பட்டது ஆற ஒரு வருடம் எடுத்ததாம். சுவர்க்கத்தில் உங்களோடு இருக்க எங்களுக்காகப் பிரார்த்தியுங்கள் என்று நபியிடம் கேட்டாராம். நபி பிரார்த்தித்ததும் அந்தப் பெண், இனி இந்த உலகத்தில் எது வந்தாலும் எனக்குப் பொருட்டில்லை என்றாராம். நுஸைபா ரீச்சர் இதை அடிமட்டத்தை வாளாகவும் வரவு இடாப்பைக் கேடயமாகவும் பிடித்துக்கொண்டு சொல்லுவார். தேத்தண்ணீர் ஆறிப்போகும், ஒருவரும் எழும்பமாட்டோம்.

அந்தக் கதையை நான் சிரித்துக்கொண்டு கேட்ட காலம் ஒருநாள் முடிந்தது. எங்கள் பகுதியில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்த நாட்கள். ஒரு பகல் சந்தியில் சத்தம் கேட்டது, கடைகள் பூட்டின. நான் தமிழ், வீட்டில் கைக்குழந்தை வேறு. ஆய்வுகூடச் சாவியை நுஸைபாவின் கையில் திணித்துவிட்டுப் பின் கேற்றால் ஓடினேன். போக வழியில்லாமல் பதினான்கு தமிழ்ப் பிள்ளைகள் மிஞ்சினார்கள். அவர்களை ஆய்வுகூடத்தில் வைத்துப் பூட்டிவிட்டு, வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார் நுஸைபா. வந்து கூப்பிட்ட தன் சொந்தக்காரரோடும் போகவில்லை. பின்னேரம் தகப்பன்மார் ஒவ்வொருவராக வந்து கூட்டிப்போகும்வரை எழும்பவில்லை. அதற்குப் பிறகு ஒருபோதும் நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. நான் கதைக்கவிடவில்லை என்பதே சரி.

வியாழன் காலை ஒன்பது மணிக்குப் பரீட்சை. "பிஸ்மில்லா" என்று வலக்காலை வைத்து உள்ளே போனார். நான் எதிரே இருந்த கடையில் 1.20 யூரோவுக்குக் கோப்பி வாங்கி, மூன்று மணித்தியாலம் அதை வைத்துக்கொண்டு இருந்தேன். வெளியே வந்தவர் விறுவிறுவென்று நடந்தார். சீசா மாளிகைக்கு முன்னாலுள்ள தோட்டத்தில், நீரோடை ஓரம் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"வாய்ப் பரீட்சை எடுத்தவ முதல்ல பேர் கேட்டா. சொன்னன். அடுத்து ஊர், வேலை எல்லாம் பாடமாக்கி வச்சிருக்கன்தானே. அவ அதைக் கேக்கல்ல. 'அழகான பேர், எங்கிருந்து வந்தது' எண்டு கேட்டா. ரீச்சர், அது என்ட கொப்பியிலயே இல்ல!"

"ஐயோ. பிறகு?"

"எல்லாம் அழிஞ்சு போச்சு. சிஞ்ஞோராட வீட்டுச் சொல்லு மட்டும்தான் மிஞ்சினது. தண்ணி, காயம், தோள், ரத்தம், கட்டுத்துணி. அப்பதான் யோசிச்சன், இந்தக் கதைக்கு வேற என்ன வேணும்?"

"வாளுக்கு என்ன சொன்னீங்க?"

"கொல்தெல்லோ கிராந்தே. பெரிய கத்தி."

"கேடயத்துக்கு?"

"பானை மூடி."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "சிரிங்க, சிரிங்க. எங்கட மௌலவி கேட்டிருந்தா என்னைக் கலைச்சிருப்பார்" என்று அவரும் சிரித்தார். பிறகு தண்ணீர்ப் போத்தலைத் திருகி மூடினார்.

"அந்த மூடி அவவுக்கு எப்பிடிக் கிடைச்சது எண்டு கேட்டா. ஓடின ஒருத்தர் போட்டுட்டுப் போனது எண்டன். அவர் ஏன் ஓடினவர் எண்டா. சிஞ்ஞோரா குளிக்க எழும்பக்க கால் நடுங்கினா நான் சொல்ற ரெண்டு சொல்லுதான் வாயில வந்தது." என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். "பவூரா. நொர்மாலே. பயம். அது எல்லாருக்கும் வாறதுதானே."

நீரோடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அண்டைக்கு நான் ஓடினன், ரீச்சர்" என்றேன். அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம்.

"ஓம். சாவியத் தந்திட்டுத்தானே ஓடினீங்க" என்றார். "பூட்டில்லாத அறையில பதினாலு புள்ளையளை நான் எப்பிடி வச்சிருக்கிறது?"

நாங்கள் மாளிகைக்குள் போகவில்லை. உள்ளே இஸ்லாமியக் கலைப்பொருட்கள் இருக்கின்றன, நீங்கள் தவறவிடாதீர்கள். 'சீசா' என்ற பெயரே அரபுச் சொல்லிலிருந்து வந்தது. மாளிகையிலிருந்து பேராலயத்துக்கு ஒன்றரைக் கிலோமீற்றருக்குள்தான் வரும், இருபது நிமிடத்தில் நடக்கலாம். தூணைப் பார்க்கக் காலையில் போங்கள், ஆட்கள் குறைவு. ஒக்டோபரில் பகலில் வெயில் இதமாக இருக்கும், மெல்லிய சுவெற்றர் போதும். நல்ல சப்பாத்து அவசியம், நடைபாதைக் கற்கள் வழுக்கும். எல்லாவற்றையும்விட, போகிற ஊரில் பழைய சிநேகிதர் யாராவது இருந்தால் ஒருநாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். நான் மூன்று நாளில் திரும்பிவிட்டேன். அது போதவில்லை.

ஆறு கிழமைக்குப் பிறகு சூரிச்சுக்கு ஒரு படம் வந்தது. சான்றிதழ். எழுத்தில் மட்டுமட்டாக, வாய்ப் பரீட்சையில் அள்ளி வாங்கியிருக்கிறார். கூடவே குரல்செய்தி:

"ரீச்சர், வாளுக்கு ஸ்பாதாவாம், கேடயத்துக்கு ஸ்கூதோவாம். இப்ப கொப்பியில எழுதியிருக்கன். ஆனா எனக்குப் பானை மூடிதான் கைக்கு வசதி."