மஞ்சள் கேனுக்கு இந்தப் பக்கம்

ருவான்வெல்லையில் பஸ் புறப்படத் தயாராக இருந்தது. பையை மேல் தட்டில் வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தோட்டத்து த்ரீவீல்காரர் பஸ்ஸுக்குக் குறுக்கே வண்டியை நிறுத்தி, ஓடிவந்து ஜன்னலைத் தட்டினார். வேலாயுதம் அண்ணன் காலையில் ரப்பர் மலையில் இறந்துவிட்டார் என்றார். நான் இறங்கிவிட்டேன், பை இறங்கவில்லை. அது அவிசாவளைக்குப் போய், பஸ் நிலையத்தில் யாருடைய மேசைக்கடியிலோ கிடந்து, பிறகு வந்து சேர்ந்தது. அண்ணனுடைய தூரநோக்கி அதற்குள்தான் இருந்தது.

கடற்கரையில் நாங்கள் மாறி மாறிப் பார்த்த காவல் வேலையிலிருந்து லீவில் வந்த மனிதர் அவர். அவர் வந்ததால் அவருடைய முறைக்கு நான் போய்க்கொண்டிருந்தேன். மழை விட்டிருக்கிறதே, சும்மா இருப்பானேன் என்று கத்தியை எடுத்துக்கொண்டு விடியுமுன்பே பால் வெட்டப் போயிருக்கிறார். அவர் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததுமே பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவர்களுக்குப் பகீரென்றதாம். வேலாயுதம் அண்ணன் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் பிடித்து உட்கார வைத்தால்கூட, பாயாசம் வருமுன் எழுந்து சாம்பார் வாளியைத் தூக்கிவிடுவார். அப்படிப்பட்டவரை நெஞ்சுவலி உட்கார வைத்துவிட்டது. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. இதை எழுத உட்கார்ந்த நானும் பல தடவை எழுந்து வாசல் வரை போய்விட்டு வந்திருக்கிறேன்.

ரப்பர் தோட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தென்மேற்கு மழை இறங்கிவிட்டால் பட்டை நனைந்துபோகும், பால் வெட்ட முடியாது. அந்த மாதங்களில் எங்கள் ஆட்கள் கொழும்புக் கடைகளுக்கும் பெல்மதுளைப் பக்கம் மாணிக்கக் குழிகளுக்கும் போய்விடுவார்கள். வேலாயுதம் அண்ணன் மட்டும் குருவி காக்கப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

தென்கரையில் ஒரு மீனவக் கிராமத்துக்கு நேரே, கடலுக்குள் ஒரு பாறைத்தீவு. யானை முழுகிக் குளிப்பதுபோல முதுகு மட்டும் தெரியும். ஊர்க்காரர்கள் அதைக் குருளுகல என்பார்கள், பறவைப் பாறை என்று அர்த்தம். நாங்கள் பால் வெட்ட முடியாமல் கிடக்கும் அதே மாதங்களில்தான் ஆலா என்னும் கடற்பறவைகள் அங்கே வந்து முட்டையிடும். கூடு கீடு ஒன்றும் கிடையாது. வெறும் பாறையில், ஒரு கல் இடுக்கில், ஒரு முட்டை. தாய்ப்பறவை எழுந்துவிட்டால் வெயில் அவித்துவிடும், இல்லையென்றால் காகம் கொத்திவிடும். அதனால் அரசாங்கம் அதைப் பாதுகாக்கப்பட்ட இடம் என்று அறிவித்திருந்தது. பறவைகளில் அக்கறையுள்ள ஒரு சின்னச் சங்கம், அந்த மாதங்களுக்கு மட்டும் இரண்டு காவலாட்களைத் தேடியது. மழைக்காலத்தில் வர ஆள் கிடைக்கவில்லை. நாங்கள் கிடைத்தோம்.

நினைத்துப் பாருங்கள். யுத்த காலம். கழுத்தில் தூரநோக்கியை மாட்டிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நிற்கும் இரண்டு தமிழர்கள். வந்த வாரமே பொலிஸில் உட்கார்ந்திருந்தோம். நான் உட்கார்ந்திருந்தேன், அண்ணன் நின்றுகொண்டிருந்தார். சிங்களம் எங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றாலும், அன்றைக்கு அது உதவவில்லை. சங்கத்தின் கடிதத்தைக் காட்டி, படகுக்காரர் சிறிபால வந்து பொறுப்பேற்ற பிறகுதான் விட்டார்கள். வெளியே வந்ததும் இந்த வேலையே வேண்டாம், பஸ் ஏறுவோம் என்றேன். அண்ணன் காதில் வாங்கவே இல்லை. பொலிஸில் நின்ற நேரத்தில் எத்தனை படகு பாறைக்குப் போனதோ என்று கரையை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

படகுகள் போகத்தான் செய்தன. முட்டை எடுக்கப் போவார்கள், தூண்டில் போட ஏறுவார்கள், சும்மா ஏறிப் படமெடுப்பார்கள். பாறையில் மூன்று மொழியிலும் எழுதிய அறிவித்தல் பலகை ஒன்று இருந்தது. அதில் வலை காயப்போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அண்ணனுக்கு அந்த யோசனை வந்தது.

"பலகைக்கு எவன் பயப்படுவான் சூசை? முனிக்குப் பயப்படுவான்" என்றார்.

எங்கள் தோட்டங்களில் இது புதிதல்ல. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து மலைக்கு ஒரு சாமி, தொழிற்சாலைச் சக்கரத்துக்கு ஒரு சாமி, ஆற்றோரத்துக்கு ஒரு சாமி. ஒரு கல்லை நட்டு மஞ்சள் குங்குமம் வைத்தால் அந்த இடம் சாமியின் காவலுக்குள் வந்துவிடும். நான் அந்தோனியார் கோயில்காரன். கல்லு காவல் காக்குமா என்று கிண்டல் பண்ணினேன். உங்க அந்தோனியார் தொலஞ்ச சாமானத் தேடிக் குடுப்பாரு, எங்க ஆளு தொலையாமப் பாத்துக்குவாரு என்று திருப்பிக் கொடுத்தார். அடுத்த வருடம் பறவைகள் வருமுன்பே தோட்டத்து ஆற்றிலிருந்து ஒரு கல்லைச் சாக்கில் சுற்றி எடுத்துப்போய், பாறையின் உச்சியில் நட்டுவிட்டார். அப்போது அவர் வேண்டிக்கொண்டதை நான் கேட்டேன். காற்றில் கத்தித்தான் வேண்ட வேண்டியிருந்தது.

"முனியப்பா, இந்தக் குஞ்சுகள நீ பாத்துக்க. எனக்கும் ஒரு குஞ்சு குடு."

அவருக்கும் ராசம்மாவுக்கும் கல்யாணமாகிப் பல வருடம் ஆகியும் பிள்ளை தங்கவில்லை. தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அந்தப் பாறையில்தான்.

அந்த வருடம் ஒருவரும் பாறையில் ஏறவில்லை. சிங்கள மீனவர்களும் கடலில் வாழ்கிறவர்கள். குங்குமம் வைத்த கல்லைப் பார்த்ததும் தூரத்திலேயே கும்பிட்டுவிட்டுப் போனார்கள். பாறை முழுக்கப் பறவை. அவை எழும்பினால் கரையிலிருந்தே இரைச்சல் கேட்கும். மறு வருடம் ராசம்மாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முனீஸ்வரி என்று பெயர் வைத்தார்கள். அண்ணன் தோட்டம் முழுக்க ஓடி ஓடிச் சீனி கொடுத்தார்.

சாமி வேலை செய்ததுதான் வினையாகிவிட்டது. அதே சமயம் சிறிபால பாறையைக் கும்பிட்டுவிட்டுப் போன ஒரு நாளில் வலை நிறைய மீன் பட்டது. மறுநாள் பாறையில் ஏறி விளக்கு வைத்தார். அவரைப் பார்த்து மற்றவர்கள் தேங்காய் உடைத்தார்கள். கிரிபத் என்னும் பாற்சோறு வந்தது, பழத்தட்டு வந்தது, நேர்த்திக் காசு கட்டினார்கள். சனிக்கிழமைகளில் படகு படகாகப் பெண்களும் பிள்ளைகளும் வரத் தொடங்கினார்கள். முட்டை திருட வந்தவனைத் துரத்தலாம், கும்பிட வந்தவனை என்ன செய்வது? அண்ணனுக்கு முதலில் பெருமைதான். தோட்டத்துச் சாமிக்குக் கடலில் இவ்வளவு மரியாதையா என்று பூரித்துப்போனார். பிறகுதான் காகங்கள் வந்தன. படையல் சோற்றைத் தேடிக் கரையிலிருந்து வந்தவை, சோறு தீர்ந்ததும் முட்டைகளைக் கண்டுகொண்டன. ஆட்கள் ஏறும்போது தாய்ப்பறவைகள் எழும்பும். அவை திரும்பி இறங்குமுன் காகம் வேலையை முடித்துவிடும். அந்த வருடம் ஒரு குஞ்சுகூடப் பறக்கவில்லை.

அண்ணன் அந்த நாட்களில் பட்ட பாட்டை என்னால் மறக்க முடியாது. கரையில் மேலும் கீழும் நடந்துகொண்டே இருப்பார். சோற்றைப் பிசைந்தபடி நடப்பார். கல்லை எடுத்தால் பறவை பிழைக்கும். ஆனால் அந்தக் கல் கொடுத்த பிள்ளை வீட்டில் இருக்கிறதே? நட்ட சாமியைப் பிடுங்கினால் கொடுத்ததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும் என்றுதான் எங்கள் பக்கம் நம்பிக்கை. அவரும் நம்பினார். அவர் நம்பாமலே கல்லைப் பிடுங்கினார் என்று நினைக்கிறவர்களுக்கு அவரைத் தெரியாது.

ஒரு விடியற்காலை, யாரிடமும் சொல்லாமல், என்னை மட்டும் கூட்டிக்கொண்டு பாறைக்குப் போனார். கல்லுக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கிடந்தார். பிறகு எழுந்து, கடப்பாறையால் நெம்பி எடுத்து, தன் புதுச் சாரத்தில் சுற்றிக்கொண்டார். வரும் வழியில் செக் பொயின்டில் ஆமிக்காரர் மூட்டையை அவிழ்க்கச் சொன்னார். அண்ணன் சிங்களத்தில், சாமியை வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் மாத்தயா என்றார். அந்தப் பையன் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு, கல்லைத் தொட்டுக் கும்பிட்டு, தானே சாரத்தை முடிந்துகொடுத்தான்.

தோட்டத்தில் கோயில் கமிட்டி அந்தக் கல்லை ஏற்கவில்லை. இடம் பெயர்த்த சாமி ஆகாது என்றார்கள். எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் பலாமரத்தடியில் வைத்தார். அந்த மாதமே குழந்தைக்குக் காய்ச்சல் கண்டு, வலிப்பு வந்து, பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். லயமே கூடி, முனி கேட்கிறார் என்றது. ராசம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சூசண்ணே, நீங்க வேதக்காரரு, ஒங்கள ஒன்னும் செய்யாது. அவருக்குத் தெரியாம அந்தக் கல்லக் கொண்டுபோய் அங்கயே வச்சிட்டு வந்துருங்கண்ணே" என்று அழுதார். நான் அண்ணனிடம் போய்ச் சொல்லிவிட்டேன். வார்டுக்கு வெளியே நடந்துகொண்டிருந்தவர் நின்றார்.

"கோவம்னா முனி எங்கிட்ட காட்டட்டும். புள்ளமேல கை வக்கிற சாமிய நான் கும்பிடல" என்றார்.

சொல்லிவிட்டு மறுபடியும் நடந்தார். வார்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். அவ்வளவு பயத்தோடும் அவர் கல்லைத் திரும்ப வைக்கச் சொல்லவில்லை. அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். அவரைப் பற்றி வேறொன்றும் சொல்லாவிட்டாலும் இதைச் சொல்லியே ஆக வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன். குழந்தை பிழைத்துக்கொண்டது. ராசம்மா அவரோடு பேச மட்டும் வெகுநாள் ஆயிற்று.

சாமி போனதற்கு மீனவர்கள் கோபப்பட்டார்கள். அண்ணன் படகு படகாகப் போய்ப் பேசினார். கடலில் மீன் கூட்டம் எங்கே இருக்கிறதென்று உங்களுக்குக் காட்டுகிறது எது, மேலே வட்டம் போடும் இந்தப் பறவைதானே என்று கேட்டார். அவர்களுக்குத் தெரியாததா? கும்பிடுவதானால் தூர நின்று கும்பிடுவோம் என்று சிறிபாலதான் முதலில் இறங்கி வந்தார். மஞ்சள் எண்ணெய்க் கேன்களைக் கயிற்றில் கட்டி, கல் நங்கூரம் போட்டு, பாறையைச் சுற்றி மிதக்கவிட்டார்கள். பறவை இருக்கும் மாதங்களில் கேனைத் தாண்டி எந்தப் படகும் போகக் கூடாது. அடிக்கும் மழையில் கேன்கள் அறுந்து போகும். அண்ணன் மறுபடி கட்டுவார். அடுத்த வருடம் பறவைகள் அவ்வளவாக வரவில்லை. அதற்கடுத்த வருடம் வந்தன.

அன்றிலிருந்து அந்த மாதங்களில் அவரும் பாறையில் கால் வைக்கவில்லை. காவலாளுக்கு ஒரு தடையும் கிடையாது, சங்கமே போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லும். போகமாட்டார். கரையில் நடந்தபடியே பார்ப்பார். கிட்டப் போகத்தான் ஆசையாயிருக்கு, அதனாலதான் போகல என்று ஒரு தடவை சொன்னார்.

எங்கள் தோட்டத்தில் புதைப்பதுதான் வழக்கம். அவரை எரிக்க வேண்டும் என்று ராசம்மா பிடிவாதமாக நின்றார். சாம்பலை, அந்தக் கல் நின்ற இடத்தில், பாறையின் உச்சியில் வைக்க வேண்டுமாம். சாவுக்கு வந்திருந்த சிறிபால என்னைத் தனியே இழுத்து, குஞ்சுகள் இன்னும் பறக்கவில்லை என்றார். படகு நெருங்கினால் அவை பயந்து கடலில் குதித்துவிடும். அது எனக்கும் தெரியும். ஆனால் தாலி கழற்றிய பெண்ணிடம் அதை யார் சொல்வது? அவர் சொல்லட்டும் என்று நானும், நான் சொல்லட்டும் என்று அவரும் இருந்தோம். சாம்பலோடு கடற்கரைக்குப் போன பஸ்ஸில் வழியெல்லாம் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கடைசி வரை இரண்டு பேருமே சொல்லவில்லை.

படகு போயிற்று. முன்னால் ராசம்மா, மடியில் சாம்பல் கலயம், பக்கத்தில் முனீஸ்வரி. பறவைகளின் இரைச்சல் கிட்டக் கிட்ட வந்தது. மஞ்சள் கேன் தெரிந்தது. சிறிபால என்னைப் பார்த்தார், நான் தண்ணீரைப் பார்த்தேன்.

"இங்கயே நிப்பாட்டச் சொல்லுங்கண்ணே" என்றார் ராசம்மா. "அவரு இதத் தாண்ட மாட்டாரு."

சிறிபால இன்ஜினை அணைத்தார். பாறையில் ஒரு பறவைகூட எழும்பவில்லை. ராசம்மா கலயத்தை அங்கேயே கவிழ்த்தார். முனீஸ்வரி பாறையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, கேனில் சிக்கியிருந்த பாசியைக் கையால் வழித்துவிட்டாள்.

அண்ணனுடைய தூரநோக்கி இப்போது என்னிடம் இருக்கிறது. மழை முடியும் வரை கரையில் நான்தான் நிற்கிறேன், உட்காருவதில்லை. போன கிழமைக் காற்றில் ஒரு கேன் அறுந்துபோயிற்று. புதுக் கயிறு வாங்கி வைத்திருக்கிறேன், கடல் அடங்கியதும் கட்ட வேண்டும்.