பட்டிப்பொங்கலன்று காணாமற்போன ஆடு

ஆட்டைத் தொலைத்த குடும்பத்துக்குக் கனடா அகதி அந்தஸ்து கொடுக்காது என்று ஒரு பின்னேரம் முழுவதும் நான் நம்பியிருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. எங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை. அப்படி ஒரு சட்டம் இருப்பதாக எவரும் சொல்லித் தரவில்லை. நானே இயற்றிக்கொண்டதுதான்.

மொன்றியலிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் மாமா ஒரு சின்னப் பண்ணையை வாடகைக்கு எடுத்திருந்தார். இருபது கோழிகள், ஒரு சினை ஆடு, முழங்கால் வரை பனி. தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் ஞாயிறாக வந்ததால் மொன்றியலில் நாங்கள் குடியிருந்த வில்லரேயிலிருந்து உதவிக்குப் போனோம். அப்பா கொட்டில் கூரையில் ஏறிப் பனியைத் தள்ளினார். அம்மா முட்டைகள் உறைந்து வெடிக்குமுன் பொறுக்கினார். ஆட்டுக்குச் சுடுதண்ணீர் வைத்துவிட்டுக் கொட்டிலின் பின்கதவைக் கொக்கியில் கொளுவுவது என் வேலை.

அன்று பட்டிப்பொங்கல். ஊர் முறைப்படி ஆட்டைக் குளிப்பாட்ட வேண்டும் என்று மாமி வாளியோடு நின்றார்.

"வார்த்தீரெண்டால் ஐஸ்கட்டிதான் மிஞ்சும்," என்றார் மாமா.

"குளிப்பாட்டாமல் என்னப்பா பட்டிப்பொங்கல்?"

"அப்ப முதல்லை நீர் வெளியிலை நிண்டு குளிச்சுக் காட்டும்."

மாமி வாளியை வைத்துவிட்டார். பட்டிப்பொங்கல் இரத்து என்று நினைத்துக்கொண்டு நான் விறகு அடுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் பின்கதவு ஆவென்று திறந்து கிடக்கிறது. ஆடு இல்லை. பனியில் சிவப்பு. கதவடியில் ஒரு தீற்று, வேலிக்கட்டையடியில் இன்னொன்று, பிறகு மேப்பிள் மரங்கள் வரை அங்குமிங்கும். ஓநாய்தான்! கையுறையோடு கொளுவ முடியாது, கழற்றினால் விரல் விறைக்கும் என்பதால் கதவைச் சும்மா சாத்திவிட்டு வந்தவன் நான்.

உடனே மூளை வேலை செய்தது. பனி வழிக்கும் சவளை எடுத்து, சிவப்பையும் குளம்படிகளையும் மரங்கள் வரை ஒன்றுவிடாமல் மூடி, திரும்பும்போது என் காலடிகளையும் மூடிக்கொண்டு வந்தேன். அன்று நான் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

ஆட்டைக் காணவில்லை என்று பிறகு மாமிதான் கண்டுபிடித்தார். மாமா கொட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"ஒரு காலடியும் இல்லையே! ஆடென்ன பறந்தே போனது?"

"மேலாலை ஒண்டும் போகேல்லை மச்சான்," என்றார் கூரையின் முன்பக்கத்திலிருந்து அப்பா.

"பகிடி விடாதையுங்கோ அத்தான். இண்டைக்கோ நாளைக்கோ குட்டி போடுற ஆடு."

எல்லோரும் தெருப்பக்கமாய்த் தேடினார்கள். ஒரு மணித்தியாலம் ஆனது. நான் விறகுக் குவியலோடு விறகாக நின்றேன். மாமி வந்து, "ஏனடா அழுறாய்?" என்று கேட்டதும் எல்லாம் உடைந்தது.

"ஓநாய் திண்டிட்டுது மாமி. இரத்தத்தை நான்தான் மூடினனான். எங்களைத் திருப்பி அனுப்பிப் போடுவினமோ?"

"அட மடையா, அது குங்குமமடா! குளிப்பாட்டத்தான் விடேல்லையெண்டு நெத்தியிலை அப்பி விட்டனான். போற வழியெல்லாம் தேய்ச்சுக்கொண்டு போயிருக்கும்."

அம்மாவும் அப்பாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "எதுவரைக்கும் மூடினனீ? காட்டு," என்று என் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மரங்களடியில் என்னை நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே இடிந்து கிடந்த ஒரு கொட்டிலுக்குப் போனார்.

திரும்பி வந்தபோது அவருடைய சுவெற்றருக்குள்ளிருந்து ஒரு குட்டித்தலை எட்டிப் பார்த்தது. பின்னால் ஆடு, நெற்றியில் பாதிக் குங்குமத்தோடு.

"ஜக்கெற் எங்கை மாமா?"

"அங்கை கிடக்கு."

சற்று நேரம் கழித்துச் சவளோடு மறுபடி தனியாகப் போனார். ஜக்கெற்றை எடுக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். வெறும் சவளோடு வந்தார். ஒருவரும் என்னை ஏசவில்லை. மாமி பொங்கல் பானையின் அடியை முழுவதுமாய் எனக்கே வழித்துத் தந்தார். உண்மையைச் சொன்னதற்குக் கிடைத்த பரிசு என்று பெருமையோடு தின்றேன். குட்டியைக் காப்பாற்றிய வீரன் என்று பள்ளிக்கூடத்திலும் ஒரு கிழமை அளந்தேன்.

என் கலியாணத்துக்குப் பிறகுதான் மாமி சொன்னார். ஆடு அன்று போட்டது இரண்டு குட்டிகள். மாமா ஜக்கெற்றில் சுற்றிப் புதைத்த முதற்குட்டி, தெருப்பக்கம் தேடிக்கொண்டிருந்த அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் விறைத்துப் போயிருந்தது.