ஞானராஜ் அண்ணன் குடித்ததில்லை

போன மாதம் ஒரு காலையில், தாம்பரம் நிலையத்தில் அலுவலகம் போகும் ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது, நம் சபையின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தது. பாடகர் குழுவில் இருந்த சகோதரர் ஞானராஜ் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்று செயலர் போட்டிருந்தார். கீழே வரிசையாகக் கூப்பிய கைகள். ரயில் வருவதற்குள் ஒருவர் "வயசு என்ன?" என்று கேட்டார். இன்னொருவர் "லிவரா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல நான்கைந்து பேருக்கு அத்தனை அவசரம். நான் ரயிலை விட்டுவிட்டு, இரும்புலியூரில் இருக்கும் அவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன்.

இந்த நினைவு மலருக்கு எழுதித் தரக் கேட்டவர்கள், "நல்ல விஷயமா எழுதுங்க சிஸ்டர், மனசு கஷ்டப்படுற மாதிரி வேண்டாம்" என்றார்கள். சரி, நல்ல விஷயத்தையே முதலில் எழுதிவிடுகிறேன். ஞானராஜ் அண்ணன் தன் வாழ்நாளில் மது குடித்ததில்லை. அவருக்குக் கணையத்தில் வந்த அழற்சி, குடிக்காதவர்களுக்கும் வருகிற நோய். ஏன் வந்தது என்று பல சமயம் மருத்துவர்களுக்கே தெரியாது. நம் சபையாருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

அவரை அறியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். மறைமலை நகரில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதகராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குப் பின்வரிசையில் நின்று, அடித்தொண்டையிலிருந்து வரும் கனத்த குரலில் பேஸ் பாடுவார். ஒல்லியான உடம்பு. அதிலிருந்து அப்படி ஒரு குரல் வருவதைக் கேட்டுப் புதிதாக வருகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். "ஸ்பீக்கர் வேற எங்கேயோ வெச்சிருக்கேன், தேடாதீங்க" என்பார். கிண்டல் அவரோடு கூடவே பிறந்தது. கடைசி நாட்களில்தான் அது அவரை விட்டுப் போனது.

வயிற்றைக் கிழிக்கிற வலி என்று இரண்டு முறை மருத்துவமனையில் கிடந்து வந்த பிறகு, மருத்துவர் அவரிடம் மதுவை ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். தொட்டதே இல்லை என்று இவரும் சொல்லியிருக்கிறார். இருந்தாலும், சொன்ன சொல்லைச் சொன்னபடியே எடுத்துக்கொள்ளும் மனிதர் அல்லவா? அடுத்த திருவிருந்தில் அப்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, திராட்சரசப் பாத்திரம் வந்தபோது தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டார். நம் சபையில் வைப்பது கொஞ்சம் புளிக்கவைத்த ரசம்தான். அது எல்லாருக்கும் தெரியும். அன்று வெளியே செருப்புப் போடும் இடத்திலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. "எவ்வளவு குடிச்சிருந்தா டாக்டர் இதையே தொடக் கூடாதுன்னு சொல்லியிருப்பாரு?" திருவிருந்து வாங்கிய ஈரம் காயாத வாயால் பேசினார்கள்.

இனி மருந்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நோயைப் பற்றிக் கேட்டவர்கள் உண்டு. மருந்தைப் பற்றிக் கேட்டவர்கள் யாருமில்லை. சாப்பாட்டோடு விழுங்க, செரிமானத்துக்கு ஒரு கேப்ஸ்யூல். அது வயிற்றை முறுக்கி ஊதவைக்கும். வலிக்கு ஒரு மாத்திரை. அது குமட்டும், மலத்தைக் கட்டும், பகலிலேயே கண்ணைச் செருகவைக்கும். நரம்பு வலிக்கு இன்னொன்று. அதைப் போட்டால் காலையில் நாக்கு தடிக்கும், கணுக்கால் வீங்கும், நடை கோணும். கணையம் பழுதானதால் சர்க்கரையும் வந்து, அதற்கு இன்சுலின் ஊசி. கணையம் கெட்டவர்களுக்கு ஊசி போட்டால் சர்க்கரை சட்டென்று சரிந்துவிடும். கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், பேச்சு குழறும். எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். செருகிய கண், குழறும் நாக்கு, கோணும் நடை. வைத்தியம் ஒரு குடிக்காத மனிதரைக் குடிகாரரைப் போல ஆக்கி நம் முன்னால் நிறுத்தியது. நாமும் பார்த்ததை அப்படியே நம்பினோம்.

கம்பெனியிலும் இதே கதைதான். ஒருநாள் வாயிலில் காவலாளி அவரை நிறுத்தி, மூச்சை ஊதிப் பார்க்கும் கருவியை நீட்டியிருக்கிறார். அண்ணன் ஊதினார். கருவி பூஜ்யம் காட்டியது. திரும்ப ஊதச் சொன்னார். திரும்பவும் பூஜ்யம். காவலாளி கருவியை உள்ளங்கையில் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, மெஷின் பேஜார் பண்ணுது. நீங்க அப்டி ஓரமா குந்துங்க" என்றாராம். இதைச் சொல்லும்போது அண்ணன் கண்ணில் நீர் வரச் சிரித்தார். "மெஷின் மேல சந்தேகம் வந்துச்சே தவிர, என் மேல வந்த சந்தேகம் போகல பாருங்க" என்றார். அந்த மாதமே அவரைப் பரிசோதனைப் பிரிவிலிருந்து எடுத்து ஸ்டோரில் உட்காரவைத்துவிட்டார்கள்.

மருத்துவரிடம் சொல்லக் கூடாதா என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். பெரிய மருத்துவமனை, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இளம் மருத்துவர்கள். உட்கார்ந்ததும் முதல் கேள்வி, "இன்னும் குடிக்கிறீங்களா?" அண்ணன் சொன்னார்: "குடிச்சதே இல்லைன்னு சொல்லி முடிக்கிறதுக்குள்ள என் டைம் முடிஞ்சிடுது சிஸ்டர். அப்புறம் தலை சுத்துதுன்னு எங்க சொல்றது? சொன்னா, ஏன் சுத்துதுன்னு ஒரு பார்வை பார்ப்பாங்க." அதனால் அவராகவே ஒரு வழி செய்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலி மாத்திரைகளை விட்டுவிடுவார். நேராக நடந்து கோவிலுக்கு வருவார். பாடும்போது முன்னால் இருக்கும் பெஞ்சைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்கும். அன்று நன்றாகப் பாடினார் என்று நீங்கள் பாராட்டிய நாட்களில் எல்லாம் அவர் வயிற்றில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது.

அறுப்பின் பண்டிகை வந்தது. விவசாயம் செய்கிறவர் ஒருவரும் நம் சபையில் இல்லை. சந்தையில் வாங்கிய பூசணியையும் வாழைத்தாரையும்தான் விளைச்சல் என்று பீடத்துக்கு முன்னால் வைத்து, பிறகு வெளியே பந்தலில் ஏலம் விடுகிறோம். அன்று ஆராதனை நீண்டுகொண்டே போனது. காலை ஊசியைப் போட்டுக்கொண்டு வந்த அண்ணன், சிற்றுண்டி நேரத்துக்கு வந்துவிடும் என்று நம்பியிருந்தார். நான் பின்கட்டில் உணவு பரிமாற இலை துடைத்துக்கொண்டிருந்தேன். வெளியே ஒரே சிரிப்பு. என்ன நடந்தது என்று பிறகுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். வாழைத்தார் ஒன்று ஏலத்தில் இருந்தது. அண்ணன் கையை உயர்த்தி ஒரு விலை கேட்டார். உடனே அவரே அதைவிட அதிகம் கேட்டார். மறுபடியும் அவரே. எதிரில் போட்டிக்கு ஆளே இல்லை. ஏலம் விட்ட செயலர், "பிரதர் இன்னைக்கு நல்ல மூட்ல இருக்காரு, விடாதீங்க, கேளுங்க, கேளுங்க" என்று ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தார். பந்தலே சிரித்தது. அவர் உடம்பு சர்க்கரைக்குத் தவித்தது. அது உங்களுக்கு வேடிக்கையாக இருந்தது.

பிறகு அவர் சரிந்தார். தூக்கிய நால்வர் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை, கோவிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் கிடத்தினார்கள். "தெளியட்டும்" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அண்ணனின் மனைவி விமலா அக்கா அலறிக்கொண்டு ஓடிவந்ததைப் பார்த்துத்தான் நானும் ஓடினேன். நல்லவேளை, அவரால் இன்னும் விழுங்க முடிந்தது. பாயசத்துக்கு வைத்திருந்த சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து அக்கா கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். சற்று நேரத்தில் கண் விழித்து, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "ஏதாவது அசிங்கமா பேசிட்டேனா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பந்தலில் அடுத்த பூசணிக்காய் ஏலம் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் பாடகர் குழுவிலிருந்து கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொன்னார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். சர்க்கரை இறங்கியதால்தான் அப்படி நடந்தது என்று நான் கூட்டத்திலேயே எழுந்து சொன்னேன். "இருக்கலாம் சிஸ்டர், ஆனா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் செயலர். பார்க்கிறவர்கள் யார்? நாம்தான். அதை யாரும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் தள்ளாடவே இல்லை. பேச்சு தெளிவாக இருந்தது. கோவிலில் கடைசி பெஞ்சில் நேராக உட்கார்ந்திருப்பார். "பார்த்தீங்களா, விட்டுட்டாரு, முகமே தெளிவாயிடுச்சு" என்று சிலர் சாட்சி சொன்னார்கள். ஆனால் உடம்பு மட்டும் உருகிக்கொண்டிருந்தது. மூச்சு வாங்கி மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அண்ணன் ஊசியைப் பாதிக்கும் கீழே குறைத்திருந்தார். வெளியே போகிற நாட்களில் போட்டுக்கொள்வதே இல்லை. நான் பார்க்கப் போனபோது மறைக்காமல் சொன்னார்: "சுகர் ஏறினா யாருக்கும் தெரியாது சிஸ்டர். இறங்கினாத்தான் ஊருக்கே தெரியுது." அப்போது மட்டும் அவர் சிரிக்கவில்லை.

அங்கே ஒரு பெண் மருத்துவர், முதல் முறையாகக் குடியைப் பற்றிக் கேட்காத மருத்துவர், விமலா அக்காவிடம் மெதுவாகச் சொன்னார்: "தலைசுற்றல், தள்ளாட்டத்தை முதல்லயே சொல்லியிருந்தா மாத்திரையோட அளவை மாத்தியிருப்போம்மா. ஊசியையும் சாப்பாட்டு நேரத்துக்குத் தகுந்த மாதிரி சரி பண்ணியிருக்கலாம். அவரா நிறுத்தினதுதான் தப்பாப் போச்சு." அவராகவா நிறுத்தினார்? அக்கா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஏறிய சர்க்கரை ரத்தத்தை நஞ்சாக்கிவிட்டிருந்தது. மூன்றாம் நாள் போய்விட்டார்.

அடக்க ஆராதனையில், சரீரத்தைக் கெடுத்துக்கொள்ளும் பழக்கங்களைப் பற்றி வாலிபர்களுக்கு ஓர் எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. பெயர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை, சவப்பெட்டி முன்னாலேயே இருந்தது. விமலா அக்கா அழுகையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்து விசாரித்தவர்களுக்கு அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "நீங்க நினைக்கிறதுதான்" என்று மட்டும் சொன்னார். அதை அவர் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

போன வாரம் அலுவலகம் விட்டு வரும்போது தாம்பரம் பேருந்து நிறுத்தத்தில் ஒருவர் நடைபாதையில் சாய்ந்து கிடந்தார். சனம் அவரைச் சுற்றிக்கொண்டு போனது. என்னால் போக முடியவில்லை. குனிந்து, "அண்ணே, உங்களுக்கு சுகர் இருக்கா? ஊசி போடுறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் ஒரு கண்ணைத் திறந்தார். "இன்னா அக்கா கேக்குற? நான் சரக்கு போட்டுகினு படுத்துகினு கீறேன். நீ போ."

நெடி அடித்தது. அப்படியும் எதிர்க் கடையில் ஒரு பழச்சாறு வாங்கிவந்து கையில் கொடுத்தேன். "இது இன்னாத்துக்கு?" என்றார். "இருக்கட்டும், குடிங்க" என்றேன். கூட வந்த அலுவலகத் தோழி என் கையைப் பிடித்து இழுத்தாள். "அவன் குடிகாரன்க்கா. பார்த்தாலே தெரியல?"

பார்த்தாலே தெரிந்துகொள்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ஞானராஜ் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்த ஒரு தவறைத்தான். குடித்துக் கிடப்பவரை நோயாளி என்று நினைத்து ஏமாறுகிறேன். இனியும் ஏமாறுவேன். நீங்கள் சிரிக்கலாம். உங்கள் தவறில் ஒரு மனிதர் போய்விட்டார். என் தவறில் ஒரு பழச்சாறுதான் போகிறது.