கல்யாணத்துக்கு ஸ்டே கேட்டு வந்த அண்ணன்

சிதம்பரம் கோர்ட்டில் முப்பது வருஷத்துக்கு மேலாக வக்கீலாக இருக்கிறேன். சொத்துக்காகப் பெற்ற தாயைக் கூண்டில் ஏற்றியவரைப் பார்த்திருக்கிறேன். உயிரோடு இருக்கும் தம்பிக்கு இறப்புச் சான்றிதழ் வாங்கியவரையும் பார்த்திருக்கிறேன். இனி எதற்கும் அதிர மாட்டேன் என்று ஜூனியர்களிடம் பீற்றிக்கொள்வேன். பக்கத்து ஊரான கிள்ளையிலிருந்து வந்த ஒரு வாத்தியார் என் வாயை அடைத்துவிட்டார்.

"தங்கச்சி கல்யாணத்துக்கு ஸ்டே வாங்கணும் மேடம். தை மாசம் தேதி வெச்சிட்டாங்க," என்றார்.

பக்கத்து நாற்காலியில் அந்தத் தங்கை கலைவாணி, தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. கடலூரில் அரசு அலுவலகத்தில் கிளார்க். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்ததால் கிடைத்த வாரிசு வேலை.

"மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பொண்டாட்டி இருக்கா?"

"அதெல்லாம் இல்ல மேடம். கூட வேலை பாக்குறவருதான். நல்ல மனுஷன்."

"அப்புறம் என்ன கேடு?"

அவர் பையிலிருந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்து வைத்தார். வாழ்நாள் முழுவதும் திருமணம் செய்துகொள்ள மாட்டேன் என்று கலைவாணி எழுதிக் கொடுத்த ஒப்பந்தம்.

"அப்பா வேலை இவளுக்குக் கெடைக்கட்டும்னு நானும் தம்பியும் ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்து போட்டோம் மேடம். கட்டிக்குடுத்தா சம்பளம் வேற வூட்டுக்குப் போயிடுமில்ல? அதான் எழுதி வாங்கினோம்."

கரண்ட் பில் கட்டியதைச் சொல்வதுபோலச் சொன்னார். நான் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். முதல் சாட்சி அவர்களுடைய அம்மா. பெற்றவள் எந்தக் கையால் அதில் கையெழுத்துப் போட்டாளோ, எனக்குத் தெரியவில்லை.

"வாத்தியாரே, ஒப்பந்தச் சட்டம் இருபத்தாறாவது பிரிவு. மேஜரான ஒருத்தர் கல்யாணம் பண்ணிக்கக் கூடாதுன்னு தடுக்கிற எந்த ஒப்பந்தமும் செல்லாது."

"பத்திரத்துல எழுதியிருக்கே மேடம்? சாட்சி இருக்கே?"

"தங்கத் தகட்டுல எழுதினாலும் செல்லாது."

"நாங்க குடுத்த சம்மதத்த வாபஸ் வாங்கினா இவ வேலை போயிடுமில்ல?"

"குடுத்த சம்மதத்த இப்ப வாபஸ் வாங்க முடியாது. கல்யாணம் பண்ணினதுக்காகவும் வேலை போகாது. அம்மாவுக்குச் சோறு போடணும், அது அவ கடமை. அதைக் கல்யாணம் பண்ணிக்கிட்டும் செய்யலாம். கேஸ் இல்ல, கெளம்புங்க."

ஜெயித்துவிட்ட மிதப்பில் கலைவாணி பக்கம் திரும்பினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"எப்பலேந்து செல்லாது மேடம்?"

"எழுதின அன்னிலேந்தேம்மா. அது வெறும் காகிதம்."

"கட்டிக்கலாமான்னு அவுரு பத்து வருஷமா கேட்டுகிட்டு இருந்தாரு மேடம். மீறினா ஜெயில்னு அண்ணன் சொல்லுச்சு. நானும் முடியாது முடியாதுன்னே சொல்லிகிட்டு இருந்தேன். போன மாசம்தான், ஜெயிலுக்குப் போனாலும் போறேன்னு சரின்னு சொன்னேன்."

வாத்தியார் செருப்பைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார்.

ஜூனியர்களுக்கு ஒன்று சொல்வேன். 'செல்லாது' என்பதை நாம் நல்ல சேதியாகவே சொல்லிப் பழகிவிட்டோம். நான் இப்போதெல்லாம் அதைச் சொல்வதற்கு முன்னால் பத்திரம் எழுதிய தேதியைப் பார்த்துவிடுகிறேன்.