டொலறஸ் எறிந்த இரண்டு ஜக்

சீட்டுக் கடுதாசி விளையாடும்போது டொலறஸின் முகத்தைப் பார்த்து யாரும் எதையும் பிடித்துவிட முடியாது. லண்டன் கோலியர்ஸ் வுட்டில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் கனகாலம் இருந்து பழகிய முகம் அது. வலியோடு வருகிறவர், நேரம் பிந்தி வந்து நியாயம் கதைக்கிறவர், ஊசி என்றதும் எழும்பி ஓடப் பார்க்கிறவர் எல்லோருக்கும் அதே முகந்தான். ஆனால் கையில் ஜக், அதாவது ஜாக்கி, வந்துவிட்டால் அவளுடைய கால் பெருவிரல் செருப்புக்குள் ஒருமுறை மடங்கி நிமிரும். மேசைக்குக் கீழே நடப்பதால் அது ஒருவருக்கும் தெரியாது.

அதற்குக் காரணம் முன்னூற்றிநாலு. யாழ்ப்பாணத்தவர் நாலுபேர் சேர்ந்து, இரண்டு இரண்டு பேராகச் சோடி கட்டி விளையாடும் அந்த விளையாட்டில் ஜக்தான் எல்லாவற்றிலும் பெரியது. அடுத்தது ஒன்பது. ஆஸ் அதற்கும் கீழே. ராசாவும் ராணியும் வந்தால் வந்தது, போனால் போனது. உலகத்தில் மற்றச் சனம் வேறு ஒழுங்கில் விளையாடுகிறது என்பதே டொலறஸுக்கு லண்டன் வந்த பிறகுதான் தெரியும்.

அவளுடைய புருசன் மரியதாஸ் பார்சல் வான் ஓட்டுகிறவர். ஞாயிறு பூசை முடிந்து சாப்பிட்டு எழும்பினால் அவர்களுடைய முன்னறையில் முன்னூற்றிநாலு தொடங்கிவிடும். டூட்டிங்கில் இருந்து சண்முகராசா வருவார். இன்னும் இருவர் வருவார்கள். டொலறஸ் தேத்தண்ணி போடுவாள். யாராவது வராமல் விட்டால் மட்டும் மரியதாஸ் குசினிப் பக்கம் திரும்பி, "கை குறையுது, வாரும்" என்று கூப்பிடுவார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்க் கதிரையில் இருப்பாள். நன்றாகவே விளையாடுவாள். பாதி விளையாட்டில் நாலாவது ஆள் மழையில் நனைந்து வந்து கதவைத் தட்டுவார். டொலறஸ் கையில் இருந்த கடுதாசிகளை அவரிடம் கொடுத்துவிட்டு எழும்புவாள். துரும்பு எது என்றுகூட அவர் அவளிடம் கேட்பதில்லை, சண்முகராசாவிடம்தான் கேட்பார்.

இப்படியே வருடங்கள் போயின. இதில் ஒருவரும் கொடுமை செய்யவில்லை. அது அப்படித்தான் இருந்தது, அவ்வளவுதான்.

போக்கரைக் கொண்டுவந்தது அவளோடு வேலை செய்யும் மொரீன் என்ற ஐரிஷ்காரி. ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மொரீன் தொலைபேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருக்க, டொலறஸ் எட்டிப் பார்த்தாள். மதுக்கடைகள் பல சேர்ந்து இணையத்தில் நடத்தும் போட்டி, நுழைவு இலவசம், காசு வைப்பதில்லை. விளையாடத் திரைக்குள்ளேயே வட்டக் காய்கள் தருவார்கள்; அவை முடிந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். ஆளுக்கு இரண்டு கடுதாசி கவிழ்த்துக் கொடுப்பார்கள், நடுவில் ஐந்து எல்லோருக்கும் பொதுவாக விரியும். சோடி கட்டுவது கிடையாது. அவரவர் பாடு.

"முதல் ரெண்டு கடுதாசியிலதான் எல்லாம் இருக்கு" என்று மொரீன் ஆங்கிலத்தில் சொன்னதை டொலறஸ் தன் பாசையில் போட்டுக்கொண்டாள்.

மகன் வேலைக்கு மான்செஸ்டர் போகும்போது விட்டுப்போன தொடுதிரை டப்லட் ஒன்று வீட்டில் இருந்தது. முன்னறையில் ஆண்கள் மேசையைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, குசினி மேசையில் அதைச் சீனிப்போத்தலில் சாய்த்து வைத்து டொலறஸ் விளையாடத் தொடங்கினாள்.

முதல் சில மாதம் பரிதாபம். ஜக்கும் ஒன்பதும் சேர்ந்து வந்தால் அவளுக்குக் கால் நிலத்தில் முட்டாது. முன்னூற்றிநாலில் அதைவிட என்ன வேண்டும்? கையில் உள்ள காய் எல்லாவற்றையும் தூக்கி நடுவில் வைப்பாள். ஆனால் போக்கரில் ஆஸ், ராசா, ராணிக்குக் கீழேதான் ஜக்; யாரோ ஒருவன் இரண்டு ராணியைச் சோடியாகக் காட்டுவான். டொலறஸ் வெளியே. ராசாவும் ராணியும் சேர்ந்து வந்தால், இதை வைத்து என்ன செய்வது என்று கடுதாசியை எறிந்து அந்தச் சுற்றில் இருந்து விலகிவிடுவாள். தோல்விகளில் பாதி இந்த ஒரு பிழையால் வந்தது என்று கண்டுபிடிக்கவே அவளுக்குக் கோடை முடிந்துவிட்டது. புத்தி திருந்திவிட்டது; கால்விரல் திருந்தவில்லை. அதனால் ஒரு முடிவுக்கு வந்தாள். விரல் மடங்கினால் உடனே எதையும் அழுத்துவதில்லை. தேத்தண்ணியில் ஒரு வாய் குடித்த பிறகுதான் யோசிப்பது.

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. ஆஸ் இரண்டு, ராசா இரண்டு வந்தால் பதுங்கக்கூடாது, முதலே நிறையக் காய் வைத்து விலையை ஏற்றவேண்டும். சும்மா இருந்தால் எல்லோரும் மலிவாக உள்ளே வந்து, எவனாவது ஒருவனுக்கு நடுவில் ஏதாவது விழுந்துவிடும். ஜக் இரண்டு நல்ல கைதான், ஆனால் தனக்கு முன்னால் இரண்டு பேர் பெரிதாக வைத்துவிட்டால் அது அவ்வளவு நல்ல கை அல்ல. இதெல்லாம் மொரீன் சொன்னதும், தோற்றுப் படித்ததும்.

மாரிகாலத்தில் ஒரு செய்தி வந்தது. இந்த ஞாயிறு நடக்கும் போட்டியில் கடைசியில் மிஞ்சும் ஒன்பது பேருக்கு, கிராய்டனில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் நடக்கும் இறுதிச் சுற்றில் இடம். உண்மையான மேசை, உண்மையான கடுதாசி. முதலாவதாக வந்தாலும் ஒன்பதாவதாக வந்தாலும் ஒரே பரிசுதான்: அங்கே இருந்து விளையாட ஒரு கதிரை.

டொலறஸ் அதை இரண்டு தரம் வாசித்தாள். மண்டபத்தில் ஒரு கதிரை. அதில் அவள் பெயர் போட்டிருக்கும். எவனும் மழையில் நனைந்து வந்து எழும்பு என்று சொல்லமாட்டான். அவளுக்கு அது வேண்டும்போல இருந்தது. எவ்வளவு வேண்டும் என்பதை மொரீனிடம்கூட அவள் சொல்லவில்லை.

அந்த ஞாயிறு அவளுக்குக் கை நன்றாக வந்தது. ராசாச் சோடி ஒன்று, ஆஸும் ராசாவும் ஒன்று. இரண்டையும் பயப்படாமல் ஏற்றி விளையாடினாள். நூற்றுக்கணக்கில் தொடங்கிய ஆட்கள் குறைந்து குறைந்து, தேத்தண்ணி நேரத்துக்குப் பத்துப்பேர் மிஞ்சி ஒரே மேசைக்கு வந்தார்கள். காய்க் கணக்கில் டொலறஸ் நாலாவது. இன்னும் ஒரே ஒரு ஆள் விழுந்தால் போதும்.

அந்த நேரம் பார்த்து முன்னறையில் இருந்து சத்தம் வந்தது.

"இஞ்சரும், கை குறையுது. வாரும்."

"இப்ப ஏலாது" என்றாள் டொலறஸ்.

முன்னறையில் கதிரை இழுபடும் சத்தம். பிறகு மரியதாஸ் குசினி வாசலில் வந்து நின்றார். "என்ன, ஏதும் அடுப்பில கிடக்கே?"

"இல்லை. விளையாடுறன்."

"ஆரோட?"

"ஒன்பது பேரோட."

மரியதாசுக்குப் பின்னால் சண்முகராசாவும் வந்து சேர்ந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு டப்லட்டுக்குக் குனிந்தார். "உது போக்கரெல்லே தங்கச்சி? துணைக்கு ஆள் இல்லாத விளையாட்டு. உதில என்ன இருக்கு?"

"சத்தம் போடாதேங்கோ அண்ணை. இன்னும் ஒராள் விழுந்தால் எனக்கு கிராய்டனில இடம்."

"கிராய்டனில இடம் வாங்கி என்ன செய்யப் போறீர்? கோலியர்ஸ் வுட்டுக்கு என்ன குறை?" என்றார் மரியதாஸ்.

அவள் பதில் சொல்லுமுன் புதுக் கை வந்தது. கடுதாசிகள் இரண்டும் திரும்பின. ஒரு கறுப்பு ஜக், ஒரு சிவப்பு ஜக்.

செருப்புக்குள் விரல் மடங்கியது.

"ஐயோ ரெண்டு ஜக்" என்று சண்முகராசா மெல்லச் சொன்னார், கோயிலில் கதைக்கிற குரலில். "ஏலம் கேளும் தங்கச்சி. உதுக்குக் கேக்காட்டி பிறகு எதுக்குக் கேக்கிறது?"

திரையில், டொலறஸுக்கு முன்னால் இருந்த ஒருவன் தன்னிடம் மிஞ்சிய கொஞ்சக் காயையும் நடுவில் தள்ளினான். அடுத்தவன், மேசையிலேயே அதிகக் காய் வைத்திருப்பவன், தன்னுடையதையும் முழுக்கத் தள்ளினான். இப்போது டொலறஸின் முறை. நேரம் காட்டும் பட்டை சுருங்கத் தொடங்கியது.

"போடும், போடும்" என்றார் மரியதாஸ். "என்னத்தை யோசிக்கிறீர்?"

டொலறஸ் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போன தேத்தண்ணி. காயில் பெரியவனுக்கும் காயில் சின்னவனுக்கும் சண்டை. சின்னவன் தோற்றால் தன் அலுவல் முடிந்தது. அவர்களுக்கு நடுவில் தலையைக் கொடுத்தால், பெரியவன் தன்னையும் சேர்த்துத் துடைத்துவிடலாம். வெல்வதால் இரண்டு கதிரை தரப்போவதில்லை.

அவள் எறிந்தாள்.

"விசரே உமக்கு!" என்றார் மரியதாஸ். சண்முகராசா கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். செத்த வீட்டில் நிற்கிற ஆளைப்போல இருந்தார்.

இருவரும் கையைத் திறந்தார்கள். சின்னவனிடம் ஆஸும் பத்தும். பெரியவனிடம் ராணி இரண்டு. நடுவில் கடுதாசி விரிந்தது. முதல் மூன்றில் நடுவாக வந்து விழுந்தது ஒரு ஜக்.

"பாத்தீரே" என்றார் மரியதாஸ். "பாத்தீரே. மூண்டு ஜக். அள்ளியிருப்பீர்."

"ஓம்" என்றாள் டொலறஸ். திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நாலாவது ஒரு நாலு. ஐந்தாவது ஒரு எட்டு. ஆஸ் வரவில்லை. ராணிகள் வென்றன. சின்னவனின் பெயர் மங்கி மறைந்தது. மேசையில் ஒன்பது பேர். திரையின் குறுக்கே ஒரு பச்சைப் பட்டை ஓடி, கிராய்டனில் சந்திப்போம் என்றது.

"எனக்கு இடம் கிடைச்சிட்டுது" என்றாள் டொலறஸ்.

"ரெண்டு ஜக்கை எறிஞ்சு போட்டோ?" சண்முகராசாவுக்கு இன்னும் ஆறவில்லை.

"ரெண்டு ஆஸ் வந்திருந்தாலும் எறிஞ்சிருப்பன் அண்ணை. அவையள் ரெண்டுபேரும் அடிபடேக்க எனக்கு அங்க என்ன வேலை?"

சண்முகராசா மரியதாசைப் பார்த்தார். "மச்சான், உன்ர மனிசியோட காணி வழக்குக்குப் போயிடாத" என்றார்.

மரியதாஸ் சிரிக்கவில்லை. இரவுச் சாப்பாட்டில் புட்டைக் குழைத்துக்கொண்டே, "அங்க முழுக்க ஆம்பிளையளாத்தான் இருப்பினம்" என்றார்.

"இஞ்சையும் அப்பிடித்தானே" என்றாள் டொலறஸ். கத்தரிக்காய்க் குழம்பை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

ஒரு கிழமை போனது. போட்டி நாள் காலையில் மரியதாஸ் கார்த் திறப்பை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். "பஸ் ரெண்டு மாற வேணும். நான் விடுறன்" என்றார்.

மண்டபத்தில் கதிரைகள் நெருக்கமாகப் போட்டிருந்தன. பச்சைத் துணி விரித்த மேசை, ஒவ்வொரு இடத்திலும் ஒரு அட்டை. டொலறஸ் தன் பெயரைக் கண்டு அந்தக் கதிரையில் இருந்தாள். கடுதாசி வந்தது. அவள் வழக்கம்போல இரண்டையும் தூக்கி நெஞ்சுக்கு நேரே விசிறியாக விரித்தாள். பக்கத்து ஆள் மரியாதைக்குத் தன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினான். கடுதாசி போடுகிற பெண், இங்கே மேசையிலேயே வைத்து மூலையை மட்டும் தூக்கிப் பார்க்கவேண்டும் என்று பக்குவமாகச் சொன்னாள். முன்னூற்றிநாலுக்கு எட்டுக் கடுதாசி, விரிக்காமல் எப்படிப் பார்ப்பது? ஆனால் இங்கே இரண்டுதான். டொலறஸ் மூலையைத் தூக்கிப் பழகினாள்.

ஒருவரும் அவளை எழும்பச் சொல்லவில்லை. அவள் முறை வரும்போது மேசை முழுக்கப் பேசாமல் இருந்தது. அவள் யோசிக்க யோசிக்க எட்டுப்பேர் காத்திருந்தார்கள். ராசாச் சோடி ஒன்று வந்தது. ஏற்றினாள், எல்லோரும் எறிந்தார்கள். அந்தக் காய்களை இரண்டு கையாலும் இழுத்துத் தன் பக்கம் அடுக்கும்போது கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டாள்.

மத்தியானம் தாண்டி ஆஸ் இரண்டு வந்தது. அதையும் சரியாகத்தான் ஏற்றினாள். எதிரில் இருந்த மாணவன் ஒருவன் சின்னச் சோடியோடு கூட வந்தான். கடைசிக் கடுதாசியில் அவனுடைய சோடிக்கு மூன்றாவது விழுந்து, டொலறஸின் காய் முழுக்க அவனிடம் போனது. டொலறஸ் எழும்பி, அவனுக்குக் கை கொடுத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

மரியதாஸ் கார் தரிப்பிடத்தில் றேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போகவே இல்லைப்போல. அவள் ஏறி பெல்ட்டைப் போட்டாள்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"என்ன கை?"

"ரெண்டு ஆஸ்."

கார் மிச்சம் என்ற ஊர்ப் பக்கம் திரும்பியது. சிவப்பு விளக்கில் நின்றபோது, சண்முகராசாவோடு விளையாட்டு முடிந்த பிறகு கதைக்கிற அதே குரலில் கேட்டார்.

"உம்மை வெண்டவன் முதல் எவ்வளவு வைச்சவன்?"

டொலறஸ் தொடக்கத்தில் இருந்து சொல்லத் தொடங்கினாள்.