அக்காவின் இரண்டாவது படம்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள்; நினைவும் இப்போது அறுந்து அறுந்துதான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். கோந்த்வாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். போன வாரம் பேத்தி போனில் என்னைப் படம் எடுத்து, விரலால் ஒரு தள்ளு தள்ளினாள். என் முகம் வெளுத்துப்போனது. "நல்லாருக்கா ஆச்சி?" என்றாள். எனக்கு அக்காவின் நினைவு வந்துவிட்டது.

அப்போது மராட்டிச் சீமையில் தளேகாவ் என்ற ஊரில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே ஆலையில் வேலை. அக்கா நல்ல கருப்பு. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, கேமரா வைத்திருந்தார். அவர் எடுத்த படத்தில் அக்கா வெள்ளை வெளேரென்று இருந்தாள். அதை நம்பி மதுரையிலிருந்து ஒரு வீட்டார் ரயிலேறி வந்துவிட்டார்கள். அக்கா காபி கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள். மாப்பிள்ளையின் அம்மா தம்ளரைக் கீழே வைத்து, "பொண்ண வரச் சொல்லுங்க, நேரமாகுதுல்ல" என்றார்.

"இவதான் பொண்ணு" என்றார் அப்பா.

அந்த அம்மாள் கையிலிருந்த படத்தையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். உடனே எல்லோரும் எழுந்து கிளம்பிவிட்டார்கள். அவர்கள் தொடாமல் போன கேசரி முழுவதும் எனக்குக் கிடைத்தது. எனக்கு அன்று கொண்டாட்டம்தான்.

மாமா விடவில்லை. மழைக்காலம் முடிந்ததும் மறுபடி வந்தார். அக்காவைப் பின்பக்கத்து வெயிலில் உட்கார வைத்தார். கேமராவின் கண்ணைச் சுற்றி எண் போட்ட வளையம் ஒன்று இருந்தது, அதைத் திருப்பினார்.

"அந்த நம்பரு எதுக்கு மாமா?" என்றாள் அக்கா.

"சின்ன நம்பரு வச்சா உள்ள ஓட்டை பெருசாத் திறக்கும்ட்டி. வெளிச்சத்த அள்ளிக்கிட்டு வரும். நீயும் பாலு மாதிரி விழுவ."

"பெரிய நம்பரு வச்சா?"

"ஓட்டை சுருங்கிரும். இந்த வெயிலுக்கு அதுதான் சரி. ஆனா உன்னைய உள்ளபடியே காட்டிக் குடுத்துரும்லா!"

அக்காவும் கூடச் சிரித்தாள். பின்னால் கட்ட வெள்ளை வேட்டி எடுக்க மாமா உள்ளே போனார். கேமரா ஸ்டாண்டில் நின்றது. அக்கா எழுந்துவந்து வளையத்தைத் திருப்பினாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். மாமா வரும்போது பழையபடி உட்கார்ந்திருந்தாள்.

கழுவி வந்த படத்தில் அக்கா அக்காவாகவே இருந்தாள். மேலுதட்டு வியர்வைகூடத் தெரிந்தது. பக்கத்து வீட்டு மராட்டி அம்மாள், சித்தி முறையில் மாவுசி என்போம், அவர் மட்டும் வாங்கிப் பார்த்து, அழகு என்று தலையாட்டினார். "இந்த மூஞ்சியவா அனுப்புறது?" என்று அம்மா அழுதாள். மாமா வெயிலைத் திட்டினார்.

"இதையே அனுப்புங்கப்பா" என்றாள் அக்கா. அப்பா அனுப்பினார்.

அனுப்பிய இடத்திலிருந்தெல்லாம் படம் திரும்பி வந்தது. பெண் பார்க்க ஒருவரும் வரவில்லை. தன் கல்யாணத்தைத் தானே கெடுத்துக்கொண்டாளே என்று எனக்குக் கோபம். காட்டிக்கொடுக்கவும் மனம் வரவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்:

"யாரும் வரலையே, உனக்கு அழுகையே வராதாக்கா?"

"வந்து பாத்துட்டுப் போறதுக்கு, வராமலே இருக்கட்டும்ட்டி" என்று சொல்லிவிட்டுத் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

வீம்பு என்று நினைத்தேன். அது நிம்மதி என்று அந்த வயதில் எனக்குத் தெரியவில்லை.

எண் கூடினால் வெளிச்சம் குறையும் என்று மாமா சொன்னதாகத்தான் ஞாபகம். தலைகீழாக எழுதியிருந்தால், கேமரா தெரிந்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்திவிடுங்கள். அக்கா இருந்திருந்தால் அவளிடமே கேட்டிருப்பேன்.