கடிவாளத்தை விடுங்கோ, மேடம்!

போன புதன்கிழமை காலை, கல்லூரியில் என் வகுப்புக்குள் நுழைகிறேன். நாற்காலியின் மேல் ஒரு தலையணை! இலவம் பஞ்சு, பூப்போட்ட உறை.

"யாரு வேலைம்மா இது?"

"உங்க சௌகரியத்துக்குத்தான் மிஸ்..." என்றது கடைசி பெஞ்ச். வகுப்பே கொல்லென்று சிரித்தது. நான் கோபித்துக்கொள்ளவில்லை. அதன் மேலேயே உட்கார்ந்து பாடம் நடத்தினேன். உண்மையைச் சொன்னால், ரொம்ப சௌகரியமாகத்தான் இருந்தது.

விஷயம் இதுதான். நான் குதிரையிலிருந்து விழுந்துவிட்டேன். அடையாறில் விழுந்த செய்தி மயிலாப்பூருக்கு வருவதற்குள் எனக்கு ஒரு கால் முறிந்துவிட்டது. தி.நகரைத் தொட்டபோது இரண்டு காலும். அசோக் நகரிலிருந்து ஒரு ஒன்றுவிட்ட அக்கா ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தாள். கதவைத் திறந்தவளே நான்தான். அவள் முகத்தில் லேசான ஏமாற்றம்!

செய்தி தாம்பரத்தைத் தாண்டுவதற்குள் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

அலுவலக நண்பர் ஒருவர் மூலமாக, அடையாறுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு சின்ன குதிரையேற்றக் கிளப்பில் என் கணவர் சேர்ந்தார். ஒரு வாரம் போனார். முதுகு பிடித்துக்கொண்டது. ஈஸிசேருக்குத் திரும்பிவிட்டார். வேடிக்கை பார்க்கக் கூடப் போன நான் தங்கிவிட்டேன். நாற்பது வயதில், மயிலாப்பூர்க்காரி, குதிரை மேல்! பாண்டி பஜார் தையல்காரர் பேன்ட்டுக்கு அளவெடுக்கும்போது, "சாரை அழைச்சிட்டு வரலீங்களாம்மா?" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மாமியார் மட்டும் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை. "விழுந்தா எந்தப் பக்கம் விழணும்னு சொல்லிக் குடுத்தாளோ?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

அந்தக் கிளப்பில் சில்வர் பெல் என்று ஒரு பெண் குதிரை. சாம்பல் நிறம். ரேஸிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்டது. அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றே ஒன்றுதான் — ஓட்டம். யாராவது மேலே ஏறினால் போதும், பந்தயம் ஆரம்பித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். கடிவாளத்தை இழுத்தால் இன்னும் வேகம்!

இரண்டு மாதத்துக்கு முன் அது செல்வியைத் தள்ளிவிட்டது. செல்வி, கிளப் செகரெட்டரியின் அண்ணன் மகள். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. செகரெட்டரி தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர். எல்லோருக்கும் அண்ணாச்சி. குதிரை என்றால் உயிர். ஆனால் அண்ணன் மகள் அதைவிட உயிர் இல்லையா?

"அது குதிரை இல்லம்மா, சனியன்லா!" என்றார் என்னிடம். "பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாயிருக்கு. கைய கட்டித் தொங்க விட்டுக்கிட்டா மணவறையில உக்காரும்? ஜட்கா வண்டிக்காரன் ஒருத்தன் கேட்டிருக்கான். தள்ளி விட்டிருவோம்."

ஜட்காவா? மெல்லிய கால், மெல்லிய தோல். வெயிலில், தார் ரோட்டில், ஆளும் மூட்டையும் ஏற்றிய வண்டியை இழுத்தால் அது எத்தனை நாள் தாங்கும்? அண்ணாச்சிக்கும் அது தெரியும். அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் கிளப்பில் ஒரு பயிற்சி முகாம் ஏற்பாடாகியிருந்தது. குதிரைக்கும், ஏறுகிறவருக்கும் சேர்த்தே பயிற்சி. ஐரோப்பிய முறையிலான சாஸ்திரீயக் குதிரையேற்றம். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"அண்ணாச்சி, முகாம்ல நான் சில்வர் பெல்லை எடுத்துக்கறேன். கடைசி நாள் பரீட்சையில அது பாஸ் பண்ணினா இங்கேயே இருக்கட்டும். சரியா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க" என்றார். நான் கேட்கவில்லை. சொன்னேன்.

பயிற்சியாளர் என்றால் யாரை எதிர்பார்ப்பீர்கள்? ஆறடி உயரம், முறுக்கு மீசை, ராணுவக் குரல் — நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். வந்தவர் மிஸ் நார்மா. என்னைவிடப் பத்து வயது சின்னவர், என் தோள் உயரம். பெரம்பூர் ஆங்கிலோ-இந்தியப் பெண். அப்பா ரயில் என்ஜின் டிரைவர். பெங்களூரில் குதிரை பழக்கி, ஜெர்மனியில் சில வருஷம் இந்த வித்தையைக் கற்று வந்தவர். ஆனால் தமிழ்? சுத்தமான பெரம்பூர்!

முதல் நாள் சில்வர் பெல் மேல் ஏறி, பலத்தையெல்லாம் கூட்டிக் கடிவாளத்தைப் பிடித்து, ஓரளவு அடக்கிவிட்டதாகவே நினைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வந்தேன். கை இரண்டும் மரத்துப் போயிருந்தன. பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

"மேடம், கொஞ்சம் எறங்குங்கோ" என்றார் நார்மா.

இறங்கினேன்.

"நீங்கோ இஸ்துகினு கீறீங்கோ. அதுவும் இஸ்துகினு கீது. அது உங்கள விட எவ்ளோ வெயிட்டு? யாரு கெலிப்பாங்கோ?"

"இழுக்கலேன்னா ஓடிடுமே?"

"இஸ்தா மட்டும் நிக்குதா?"

மரத்த கைகளை உதறிக்கொண்டேன்.

நார்மா ஒரு கடிவாளத்தைக் கொண்டுவந்தார். குதிரையின் வாய்க்குள் போகும் இரும்புத் துண்டை என் இரண்டு உள்ளங்கையிலும் கொடுத்தார். "இப்போ நீங்கோதான் குதிரை" என்று சொல்லிவிட்டு, பின்னால் போய் வாரைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார். நானும் இழுத்தேன். யோசிக்கவே இல்லை, கை தானாக இழுத்தது. அவர் இன்னும் இழுத்தார். நான் இன்னும் பலமாக! திடீரென்று அவர் வாரைத் தளர்த்தினார்... என் கையும் தளர்ந்துவிட்டது. தோள் இறங்கிவிட்டது.

"ஆங்! பாத்தீங்களா? உங்களுக்கு கையில. அதுக்கு வாயில."

அதற்கு மேல் விளக்கம் தேவையா என்ன?

ஆனால் புரிந்துகொள்வது ஒரு நிமிஷ வேலை. உடம்புக்கு அதைப் புரிய வைப்பதுதான் பாடு! மறுநாளிலிருந்து கடிவாளமே கிடையாது. கால் வைக்கும் வளையங்களையும் கழற்றிவிட்டார்கள். ஒரு நீளக் கயிற்றின் முனையைக் குதிரையின் தலைவாரில் கட்டி, மறுமுனையோடு நார்மா நடுவில் நிற்பார். சில்வர் பெல் அவரைச் சுற்றி வட்டமாக நடக்கும், பிறகு துள்ளல் ஓட்டம். நான் மேலே, இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, மாடவீதி ஜவுளிக்கடை பொம்மை மாதிரி. நிறுத்த வேண்டுமென்றால் இழுக்கக் கூடாது. ஆழமாக உட்கார்ந்து, மூச்சை நீளமாக விட்டு, "ஹோ...ஓ..." என்று சொல்ல வேண்டும்.

"இதுக்குப் பேருதான் சாஸ்திரீயமா?" என்று ஒருநாள் பொறுமை இழந்து கேட்டேன். "குதிரைக்குப் பரதநாட்டியம் சொல்லித் தரப்போறீங்கன்னு நினைச்சேன்!"

"டான்ஸு அப்பறம் மேடம். மொதல்ல நிக்கக் கத்துக்கலாம்."

"யாரு, குதிரையா, நானா?"

"ரெண்டு பேரும்தான்."

வேலியோரம் தினமும் அண்ணாச்சி வந்து நிற்பார். கையைக் கட்டிக்கொண்டு. நான் தொப்பென்று சரியும்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவார். எனக்கா, குதிரைக்கா என்று தெரியாது. வீட்டில் என் கணவர் தைலத்தோடு காத்திருப்பார். "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்கும்போது அவர் குரலில் தெரியும் திருப்தி இருக்கிறதே... அதற்காகவே வலிக்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

பிறகு ஒருநாள் அது நடந்தது. வட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கிறோம். நான் மூச்சை விட்டேன். சில்வர் பெல்லின் ஒரு காது என் பக்கம் திரும்பியது. அதுவரை இரும்புப் பலகை போல் விறைத்திருந்த முதுகு, எனக்குக் கீழே மெல்ல அசைந்து கொடுத்தது... தூளியில் உட்கார்ந்தது போல. கழுத்து தானாகத் தாழ்ந்தது. ஓட்டம் நடையாயிற்று, நடை நின்றது. யாரும் யாரையும் இழுக்கவில்லை!

புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அத்தனை வருஷ ரேஸில், கம்பும் கூச்சலுமாக ஓடிய அந்த உயிரை, யாராவது ஒருத்தராவது மெதுவாகப் போகலாம் என்று கேட்டிருப்பார்களா?

நார்மா கயிற்றைச் சுருட்டிக்கொண்டே வந்தார். "இன்னா மேடம், அழுவுறீங்கோளா?"

"தூசி."

"இங்கோ தூசி ஜாஸ்திதான்" என்று ஒப்புக்கொண்டார். நல்ல பெண்.

கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை காலை. உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பந்தல், காபி, ரிப்பன். அண்ணாச்சி பக்கத்தில் செல்வி, கையைத் தோளோடு கட்டியபடி. நான் துணிச்சலாகவே ஏறினேன். கடிவாளம் இப்போது கையில், குருவிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி. வட்டம் நன்றாக வந்தது. இரண்டாவது வட்டமும். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். எனக்கே என்னைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது!

அப்போதுதான் ரோட்டில் ஓட்டுக் கேட்கும் ஜீப் ஒன்று வந்தது. சரியாக எங்கள் கேட்டருகில் ஒலிபெருக்கி அலறியது: "அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே!"

சில்வர் பெல் பக்கவாட்டில் ஒரு பாய்ச்சல். நான் அங்கேயே, ஆனால் எனக்குக் கீழே குதிரை இல்லை. மணலில் விழுந்தேன்.

"கேட்டை மூடுங்கடே!" என்று அண்ணாச்சி அலறினார். கேட் அகலத் திறந்திருந்தது. வெளியே பஸ்ஸும் லாரியும். குதிரை தலையைத் தூக்கி, வாலை விசிறி, மைதானத்தின் ஓரமாகப் பறந்தது. நாலு பேர் கையை விரித்துக்கொண்டு ஓடினார்கள்.

"யாரும் ஓடாதீங்கோ! நில்லுங்கோ!" — நார்மாவின் குரல். நின்றார்கள். பிறகு என்னைப் பார்த்தார்.

எழுந்தேன். இடுப்பில் சுரீர் என்றது. குதிரையைத் துரத்தவேண்டும் என்று கால் துடித்தது. துரத்தவில்லை. மைதானத்தின் நடுவில், நார்மா தினமும் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். தோளைத் தளர்த்தினேன். இருந்த மூச்சையெல்லாம் விட்டுச் சொன்னேன்: "ஹோ...ஓ..."

கயிறு இல்லை, கடிவாளம் கையில் இல்லை. கேட்பதும் கேட்காததும் அதன் இஷ்டம்.

சில்வர் பெல் கேட்டை நெருங்கியது. அந்தக் காது — ஒரே ஒரு காது — என் பக்கம் திரும்பியது. கேட்டைத் தாண்டாமல், என்னைச் சுற்றி வளைந்தது. வட்டம்! வேகம் குறைந்தது. ஓட்டம், நடை... நின்றுவிட்டது. வயிறு ஏறி இறங்க, அங்கேயே நின்று என்னைப் பார்த்தது.

மெதுவாக நடந்து போய்க் கழுத்தைத் தடவினேன். மறுபடி ஏறினேன். மீதிப் பரீட்சையையும் முடித்தேன். கடிவாளத்தை முழுசாகத் தளர்த்திவிட்டு நடப்பதுதான் கடைசிப் பாடம். அதில் நாங்கள் இருவரும், என் வாயால் நானே சொல்லக்கூடாது... பிரமாதம்!

அண்ணாச்சி நார்மாவிடம் வந்தார். "விழுந்துட்டாங்களே... அப்ப ஃபெயில்தானே?"

"மேடம் ஃபெயிலு" என்றார் நார்மா, கொஞ்சமும் தயங்காமல். "குதிரை பாஸு."

அண்ணாச்சி வாயைத் திறந்தார். அதற்குள் செல்வி பந்தலை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தாள். "ஏளா, பக்கத்துல போவாத!" என்றார். அவள் போனாள். கட்டில்லாத கையால் சில்வர் பெல்லின் மூக்கைத் தொட்டாள். அது தலையைத் தாழ்த்தி, அவள் உள்ளங்கையில் புஸ்ஸென்று மூச்சு விட்டது. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "சித்தப்பா, ஜட்காவுக்கெல்லாம் வேண்டாம்" என்றாள்.

அண்ணாச்சி வேறு பக்கம் திரும்பி, காபியைத் தேவைக்கு அதிகமாக ஆற்றினார். ஆற்றிக்கொண்டே சொன்னார்: "சரி சரி... கெடந்துட்டுப் போகட்டும்."

வீட்டிலும் ஆபீஸிலும் நம்மில் பலர் இறுக்கிப் பிடிப்பதையே சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். எதிர்ப்பக்கம் இழுப்பது, நாம் இழுப்பதால்தான் என்று எத்தனை பேருக்குத் தோன்றுகிறது? எனக்கு நாற்பது வயதில், மணலில் விழுந்து எழுந்தபோது தோன்றியது. பரவாயில்லை, சீக்கிரம்தான்.

அடுத்த வருஷ முகாமுக்கு இப்போதே பெயர் கொடுத்துவிட்டேன். நான் பரீட்சையை மறுபடி எழுத வேண்டுமாம். சில்வர் பெல்லுக்கு விலக்கு!